வியாபார உத்தியில் அறத்துக்கு என்ன வேலை?

கேள்வி கேட்ட தம்பிக்கு வணக்கம். மேலாண்மைப் படிப்பை முடித்துவிட்டு, மதுரை கீழமாசி வீதியில் தந்தையார் நடத்திவரும் மளிகை மொத்தக் கடையில் இந்த ஆண்டிலிருந்து உட்காரத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய உளுந்தையும் புது உளுந்தையும் கலக்காமல் தனித்தனியாக அடுக்கி, எது பழையது என்று வாங்குபவரிடம் சொல்லியே விற்கிறார் உங்கள் அப்பா. இரண்டு கடை தள்ளி இருப்பவர் கலந்து விற்று மூட்டைக்கு மூட்டை கூடுதலாகச் சம்பாதிக்கிறார். அப்பாவின் நடத்தையை ஓர் உத்தி என்று சொல்லலாமா, அந்தக் காலத்துப் பழக்கம் என்று விட்டுவிடலாமா, சட்டத்தை மீறாமல் இருந்தாலே போதாதா என்பது உங்கள் கேள்வி. முப்பத்தொரு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியை மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வியாபாரிகளுக்குக் கடன் கொடுப்பதிலேயே கழித்தவன் என்ற முறையில், நான் கண்டு அறிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நேர்மையாக இருந்தால் லாபம் தானாக வந்து சேரும் என்று சொல்லி இந்தப் பதிலை முடித்துவிடுவது எளிது. அப்படிச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அது பொய். கைசுத்தமான வியாபாரிகள் கடையை மூடிச் சாவியை எங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அளவிலும் தரத்திலும் கை வைத்தவர்கள் அடுத்தடுத்து மனை வாங்கிப் பத்திரத்தை அடமானத்துக்குக் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்குக் குறை தெரியுமா, தெரிந்தால் எத்தனை நாளில் தெரியும் என்பதைப் பொறுத்தே நேர்மைக்குச் சந்தையில் விலை கிடைக்கிறது. உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உளுந்தை அரைத்தால் மாவு காணாது, அதாவது பொங்கி அளவு கூடாது என்பது இட்லிக் கடை நடத்துபவருக்கு மறுநாள் காலையிலேயே, முதல் ஈடு இறங்கும்போதே தெரிந்துவிடும். அதே மூட்டையை வாங்கிப்போய் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் கால் கிலோ, அரைக் கிலோவாகச் சில்லறை விற்பவருக்கு அது தெரிய மாதங்கள் ஆகலாம். தெரியாமலே போகவும் கூடும். முன்னவரிடம் உங்கள் அப்பாவின் நேர்மை தன் கூலியைத் தானே வாங்கிக்கொள்கிறது. பின்னவரிடம் அது வெறும் செலவு. இந்த வேறுபாட்டை ஒப்புக்கொள்ளாமல் அறத்தைப் பற்றிப் பேசுவது, வியாபாரியிடம் கணக்கை மறைத்துப் பேசுவதாகும்.

விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே எப்படிச் சீர்குலைகிறது என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார் வியாபாரத்தை வைத்து விளக்கினார். இந்த வகை ஆய்வுகளுக்காக 2001இல் வேறு இருவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலையைத்தான் தருவார். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவருக்குக் கட்டாது என்பதால் அவர் சந்தையை விட்டு விலகுவார், எஞ்சுவது கெட்ட சரக்கு மட்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் மதுரைக்காரர்களுக்கு இல்லை, சுங்குடிச் சேலைக்கு நேர்ந்ததை நாம் கண்முன்னே பார்த்தோம்.

அசல் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் துணியைச் சிறிதளவு கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிய முடிச்சு. சாயத்தில் முக்கிக் காயவைத்துத் துணியை இழுத்து முடிச்சுகளைப் பிரிக்கும்போது, கட்டிய இடம் சாயம் ஏறாத புள்ளியாகவும், விரலால் தடவினால் தட்டுப்படும் சிறு மேடாகவும் நிற்கும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அதே புள்ளியை அச்சில் இட்டுச் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கத் தொடங்கியபோது, கோயிலுக்கு வந்து போகும் வெளியூர்க்காரருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அச்சுச் சேலையின் விலையே சுங்குடியின் விலை ஆயிற்று, முடிச்சுப் போடும் பெண்களுக்கு அந்த விலையில் கூலி கட்டவில்லை. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்லதுதான், ஆனால் அதற்குள் பல வீடுகளில் அந்தக் கை ஓய்ந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு சேலை வியாபாரி அச்சுச் சேலையும் விற்பார், அசலும் விற்பார். முடிச்சுப் பிரிக்காத சேலை ஒன்றை எப்போதும் மேசைக்கு அடியில் வைத்திருந்து, வாங்க வருபவரின் கையில் அதைக் கொடுத்து ஒரு முழம் இழுக்கச் சொல்வார். முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். அதற்குப் பிறகு அவர் விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்காது. ஏமாற்றாமல் இருந்தது அவருடைய பண்பு. அதை வாங்குபவரின் விரலுக்கே தெரியும்படி செய்தது அவருடைய திறமை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்தக் கடை நின்றிருக்காது.

அடுத்து, நான் அருகிலிருந்து அறிந்த கடன் விஷயத்துக்கு வருகிறேன். சரக்கின் பேரில் ஓ.டி. (வரம்புக்குள் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் வங்கிக் கடன்) வாங்கும் வியாபாரி மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், அதாவது சரக்கு இருப்புக் கணக்கு, கொடுக்க வேண்டும். பொதுவாக அதில் உள்ள சரக்கு மதிப்பில் கால் பங்கைக் கழித்து, மீதியளவுக்குப் பணம் எடுக்க வங்கி அனுமதிக்கும். அந்த ஸ்டேட்மென்டை எழுதுபவர் வியாபாரியே. வங்கி அதிகாரி எப்போதாவது கிடங்குக்குப் போய் எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒருமுறை ஒரு கிடங்கில், மூட்டைக்குள் குத்திச் சரக்கை எடுத்துப் பார்க்கும் குத்தூசியை விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் இரண்டு வரிசைகளில் உளுந்து வந்தது. மூன்றாவது வரிசையில் ஊசியின் குழியில் உளுந்தம் பொட்டு வந்தது. மாட்டுத் தீவனத்துக்குப் போகும் பொட்டை மூட்டை கட்டிப் பின்வரிசைகளில் அடுக்கியிருந்தார்கள். அந்த மனிதர் பெரிய மோசக்காரர் அல்லர். ஒரு மாதம் நஷ்டத்தை மறைக்கத் தொடங்கியவர், பிறகு அந்த மறைப்பை மறைத்துக்கொண்டே போக வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவருக்கு வாரம் ஒரு சோதனை, கூடுதல் ஈடு, கூடுதல் வட்டி என்று எல்லாம் ஏறின. அவர் நல்ல விலையில் சரக்கு வந்தபோது கேட்ட பணம், நாங்கள் சரிபார்த்து முடிப்பதற்குள் பயனற்றுப் போயிற்று.

இன்னொருவர் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பணம் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில், தாமாகவே என் மேசைக்கு வந்தார். “சார், போன மாச ஸ்டேட்மென்ட்ல எழுபது மூட்டை கூடப் போயிருச்சு. கணக்குப்பிள்ளை பழைய தாளைப் பாத்து எழுதிட்டாப்ல. கொறச்சுக்கங்க” என்றார். குறைத்தால் அந்தப் பருவத்துக்கு அவர் எடுக்கக்கூடிய தொகை குறையும் என்பது அவருக்குத் தெரியும். குறைத்தேன். அவர் கிடங்குக்கு நான் அதற்குப் பிறகும் போனேன், விதி அது. ஆனால் அவருடைய ஒரு விண்ணப்பமும் என் மேசையில் ஒரு நாளுக்கு மேல் கிடந்ததில்லை. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு, ரொக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த கடைவீதிகள் திகைத்து நின்றபோது, இவருக்கு மட்டும் துண்டுச் சீட்டின் பேரில் லாரி லாரியாகச் சரக்கு வந்து இறங்கியது. அனுப்பியவர்களில் ஒருவரும் முன்பணம் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. உங்கள் கேள்விக்கு நான் தர விரும்பும் பதிலின் மையம் இதுதான்: ஒருவருடைய பண்பு எப்படிப்பட்டதோ அதற்கேற்ற உத்திகள்தான் அவருக்குத் திறக்கும், மற்றவை எவ்வளவு புத்திசாலித்தனமானவையாக இருந்தாலும் அவர் கைக்கு எட்டா. உத்தியை முதலில் வகுத்துவிட்டு அதற்கு மேல் அறத்தை வர்ணமாகப் பூச முடியாததற்குக் காரணமும் இதுவே.

தமிழில் நற்பெயர் என்பதற்குத் தனிச் சொல்லே தேவைப்படுவதில்லை. ‘பெயரைக் கெடுத்துக்கொள்ளாதே’ என்று சொன்னாலே போதும். மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகைத்தளத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழி எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. உப்பு வணிகன், கொழு (கலப்பை முனை) வணிகன், அறுவை (துணி) வணிகன் என்று, தாம் விற்ற பொருளோடு சேர்த்தே தம் பெயரை அவர்கள் எழுதிவைத்தார்கள். பெயரும் சரக்கும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்ற எண்ணம் இந்த ஊருக்கு மிகப் பழையது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. லாபம் தருகிறது என்பதற்காகவே ஒருவர் நேர்மையாக இருக்கிறார் என்றால், நேர்மை நஷ்டம் தரும் நாளில் அவர் என்ன செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவரை ஒருவரும் முழுமையாக நம்ப மாட்டார்கள், நம்பாததால் அந்த லாபமும் அவருக்கு வராது. கணக்குப் பார்க்காமல் கடைப்பிடிப்பவருக்கே அறம் கணக்கில் பலன் தருகிறது. அந்த எழுபது மூட்டைக்காரர் என்னிடம் வந்தது என் நம்பிக்கையைச் சம்பாதிக்க அல்ல. அப்படி வந்திருந்தால், முப்பதாண்டு மேசையில் உட்கார்ந்தவனுக்கு அது தெரிந்திருக்கும்.

1982இல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரைகளில் யாரோ சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் ஏறத்தாழ 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல். விற்பனை ஓர் ஆண்டுக்குள் பெருமளவு மீண்டதால் எல்லா மேலாண்மை வகுப்புகளிலும் இதைச் சொல்கிறார்கள், நீங்களும் படித்திருப்பீர்கள். ஆனால் முடிவெடுத்த வாரத்தில் மீளுமா என்பது அவர்களுக்குத் தெரியாது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அதே நிறுவனம் பல ஆண்டுகள் கழித்து, போதைப் பழக்கத்தை உண்டாக்கும் ஓபியாய்டு வலிமருந்துகள் தொடர்பான வழக்குகளில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 500 கோடி டாலர் வரை தர இசைந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அறம் ஒரு நிறுவனத்தின் சுவரில் தொங்கும் பலகையில் தங்குவதில்லை. அந்தந்தக் காலத்தில் முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருப்பவர்களிடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நம் ஊரில் இதற்குச் சிறந்த சான்று அரவிந்த் கண் மருத்துவமனை. வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் கண் அறுவை சிகிச்சை பழகி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், தம் 58ஆம் வயதில், 1976இல், மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இன்று அந்த அமைப்பு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்கிறது. அவற்றில் பாதி அளவுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடப்பவை. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே இதைப் பாடமாக்கிவிட்டது. ஓர் அறையில் இரண்டு மேசை போட்டு, மருத்துவர் ஒருவருக்கு முடிக்கும்போதே அடுத்தவரை ஆயத்தமாக வைத்திருப்பது, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவர் செய்ய வேண்டியிராத எல்லா வேலைகளையும் அவர்களிடம் ஒப்படைப்பது, எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றுக்குமான செலவு இறங்குவது ஆகிய இவற்றைப் பாடப்புத்தகம் உத்தி என்று குறிக்கும். சரிதான். ஆனால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

ஏழைகள் வந்தார்கள், அதனால் வந்தது. பணம் கட்டிப் பார்த்துக்கொள்வதா, இலவசப் பிரிவுக்குப் போவதா என்பதை வருபவரே முடிவு செய்துகொள்ளலாம், வருமானச் சான்று கேட்டு வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். இலவசப் பிரிவிலும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறி அறுவை செய்கிறார்கள். வசதியுள்ளவன் பொய் சொல்லி இலவசத்தில் நுழைந்துவிடுவானே என்று பதறும் ஒருவர் இந்த இடத்தில் இருந்திருந்தால், வாசலில் ஒரு மேசை போட்டிருப்பார், அந்த மேசையைக் கண்டே கிராமத்துக் கிழவி திரும்பிப் போயிருப்பாள், எண்ணிக்கை குறைந்திருக்கும், செலவு ஏறியிருக்கும், பணம் கட்டுபவரின் கட்டணத்தையும் ஏற்ற வேண்டியிருந்திருக்கும். கண்புரையை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதியில் நூறு டாலர் அளவில் விற்றபோது, இலவச நோயாளிக்கு அது வேண்டாம், தடித்த கண்ணாடி போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கிப் பத்து டாலர் அளவுக்குத் தாங்களே செய்தார்கள். அந்த லென்ஸ் பின்னர் உலகின் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. ஏழைக்கும் அதே பார்வை வேண்டும் என்ற இரக்கம் இல்லாத ஒருவருக்கு இப்படி ஒரு தொழிற்கூடம் தொடங்கும் எண்ணமே தோன்றியிராது. அதே சமயம் வெங்கடசாமி வெறும் இரக்கக்காரரும் அல்லர். அமெரிக்காவில் ஒரே தரத்தில், ஒரே விலையில், கோடிக்கணக்கில் விற்கும் மெக்டொனால்டு கடைகளைப் பார்த்து, அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர முடியும் என்று வெளிப்படையாகவே சொன்னவர். ‘திறனறிந்து தீதின்றி வந்த பொருள்’ என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் கட்டிவைத்தது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன்.

சட்டத்தை மீறாவிட்டால் போதாதா என்று கேட்டீர்கள். தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளைப் பாருங்கள். 22 காரட் என்றால் 22 காரட்டாகவே இருப்பது ஒரு காலத்தில் சில கடைகளின் தனிப்பெருமை. 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரலிலிருந்து நகைக்கு நகை எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிடக் குறியீடும் வேண்டும். அந்தப் பெருமை இப்போது எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சம். அதனால் நேர்மைக்கு வேலை இல்லாமல் போய்விட்டதா? சேதாரத்தை எப்படிப் போடுவது, பதித்த கல்லின் எடையைக் கழித்துத் தங்கக் கணக்குப் போடுவதா கழிக்காமலா, பழைய நகையை மாற்ற வருபவரிடம் எவ்வளவு பிடிப்பது என்று அது அடுத்த இடத்துக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சட்டம் பின்னால் வரும். வியாபாரம் அதற்குள் முன்னால் போயிருக்கும்.

உங்கள் அப்பா மட்டும் நேர்மையாக இருந்தால் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், இதை என் சொந்தத் தவறிலிருந்தே சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கடன் வாங்க வருபவரிடம் காப்பீட்டுப் பாலிசியையும் சேர்த்து விற்க வேண்டும் என்று மாத இலக்கு வைத்தார்கள். விதைச் செலவுக்கு நகையை அடகு வைக்க வந்த ஒரு விவசாயியிடம், அவர் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். பாலிசியின் இரண்டாவது தவணையை அவரால் கட்ட முடியவில்லை, முதல் தவணையும் போயிற்று. மறு ஆண்டு அவர் வந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நகையைத் திருப்பிக்கொண்டு வேறு கவுண்ட்டர் வழியாகப் போனார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் இதே விற்பனை இலக்கின் நெருக்கடியில் ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்ததும், 2016இல் 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்ததும், ஏறத்தாழ 5,300 பேர் வேலை நீக்கப்பட்டதும் செய்தியாக வந்தபோது எனக்கு வியப்பாக இல்லை. அவர்கள் எல்லோரும் கெட்டவர்களாகவா வேலைக்குச் சேர்ந்திருப்பார்கள்? நல்ல மனிதரையும் வளைக்கும் இலக்கை வகுத்துக் கொடுத்தவர்களிடம்தான் முதல் பிழை. ஆகவே உங்கள் கடையில் எடை போடும் பையனுக்கு எதற்காக ஊக்கத்தொகை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். விற்ற மூட்டைக்கு மட்டும் என்றால், அப்பா பிரித்து வைத்ததை அவன் ஒருநாள் கலந்துவிடுவான்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். கலந்து விற்பவரோடு விலையில் போட்டி போட வேண்டாம், அதில் நீங்கள் தோற்பீர்கள். குறை மறுநாளே தெரிந்துவிடும் வாடிக்கையாளர்களைத் தேடிப் போங்கள்: இட்லிக் கடைகள், விடுதி மெஸ்கள், கல்யாணச் சமையல்காரர்கள், மதுரையில் நிறைந்திருக்கும் அப்பளத் தொழில் செய்பவர்கள். மாவு காணாவிட்டால் மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதியே கொடுங்கள். கலப்பவரால் அந்த வாக்கைக் கொடுக்கவே முடியாது, சரக்கை அறிந்து பிரித்து வைத்திருக்கும் உங்களால் கொடுக்க முடியும். பழைய உளுந்தைப் பழையது என்றே குறைந்த விலைக்கு விற்கவும் ஆள் உண்டு. கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்களிடம் இது உடனே எடுபடாது. அங்கே சில ஆண்டுகள் இழப்பு வரத்தான் செய்யும், அதைத் தாங்கும் அளவுக்கு மற்ற பக்கம் வலுவாக இருக்கிறதா என்பதைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் மட்டும் நேர்மை போதாது என்பதையும் மறவாதீர்கள். சரக்கு அனுப்பும் விருதுநகர்க்காரருக்கு நாள் கடத்தாமல் பணம் போகிறதா, லாரியிலிருந்து இறக்கும் சுமைக்காரர்களின் கூலி கடைசியாக எப்போது உயர்ந்தது என்பவையும் அதே கணக்கில் சேரும்.

உத்தி வகுக்க உட்காருவதற்கு முன், அப்பாவின் பழைய பேரேடுகளை எடுத்து ஒரு வாரம் புரட்டுங்கள். இருபது ஆண்டுகளாக விடாமல் வாங்குபவர்கள் யார் யார், அவர்களில் விலை கேட்காமலே மூட்டையை ஏற்றிப் போகிறவர்கள் எத்தனை பேர், 2016இலும் 2020 ஊரடங்கிலும் கடனுக்குச் சரக்கு அனுப்பியவர்கள் யார் என்று பெயர் பெயராகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்து, ஒவ்வொருவரும் எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள்.